ஏழு பலம் எடையுள்ள கம்பித் தட்டு

போன வாரம் எங்கள் மண்டி ஆபீசில் இப்போது வேலை பார்க்கும் இரண்டு பேர் என் வீடு தேடி வந்தார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு ஆபீஸ் ஆட்கள் வந்தால் பெரும்பாலும் பழைய ரசீது எங்கே என்று கேட்கத்தான் வருவார்கள். இவர்கள் கேட்டது வேறு. நாலு நாள் ஜவ்வாது மலையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறார்களாம். விறகு நெருப்பின் மேல் வைத்துச் சமைக்க ஒரு கம்பித் தட்டு வேண்டுமாம்.

"லேசா இருக்கணும் சார். முதுகுல தூக்கிட்டுப் போகணுமே. நீங்கதான் அந்தக் காலத்துல மலை மேல சமைச்சிச் சாப்ட்ட ஆளுன்னு சொன்னாங்க."

அரை நிமிஷத்தில் பதில் கிடைக்கும் என்று வந்தவர்களை ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டேன். கம்பியின் பருமன், இடைவெளி, பூச்சு எல்லாம் சொன்னேன். அவர்கள் போன பிறகுதான் சொல்ல வேண்டிய முக்கியமான சங்கதியை விட்டுவிட்டேன் என்று தெரிந்தது. அதைச் சொல்ல எனக்கு எப்போதுமே வாய் வருவதில்லை. எழுதினால் வருமோ என்று பார்க்கிறேன்.

நான் குடியாத்தத்துக்காரன். வீட்டில் தறி. அப்பாவுக்கும் அண்ணன்களுக்கும் லுங்கி நெய்வதுதான் தொழில். எனக்குத் தறிக்குழியில் காலை வைத்தால் பத்தாவது நிமிஷம் எழுந்து வெளியே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். உலகப் போர் முடிந்த சமயம், ஆம்பூரில் ஒரு கடுக்காய் மண்டியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். இரண்டு வருஷம் மூட்டை தைத்தேன், விலாசம் எழுதினேன், கடுக்காயில் சொத்தை எது, நல்லது எது என்று கையால் தடவிப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். மூன்றாம் வருஷம் என்னைக் கரீம் பாயோடு மலைக்கு அனுப்பினார்கள்.

கடுக்காய் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் பக்கத்துத் தோல் ஷெட்டுகளில் பட்டைச் சாறில் ஊறின தோலைக் கடைசியாகக் கடுக்காய்த் தண்ணீரில் போட்டு எடுப்பார்கள். அப்போதுதான் தோலுக்கு அந்த இளமஞ்சள் நிறம் வரும். கடுக்காய் சரியில்லை என்றால் ஒரு தொட்டித் தோலும் கறுத்துப் போகும். ஆகவே ஜவ்வாது மலையில் ஊர் ஊராகப் போய், அங்கே பொறுக்கி வைத்திருக்கும் கடுக்காயைப் பார்த்து, இது ஆகும் இது ஆகாது என்று சொல்ல ஒருவர் வேண்டும். எங்கள் மண்டியில் அது கரீம் பாய்.

அவர் ஒல்லியான மனிதர். வயிற்றில் புண். எண்ணெயில் பொரித்த எதையும் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதிகம் பேச மாட்டார், ஆனால் எதையும் பார்க்காமல் விட மாட்டார். வழியில் ஒரு புது எறும்புப் புற்று இருந்தால் உட்கார்ந்துவிடுவார். அந்த விஷயத்தில் எங்கள் இருவருக்கும் நல்ல பொருத்தம்.

அவர் சோதிக்கும் முறையை நான் ஒவ்வொரு அடியாகச் சொல்ல முடியும். ஒவ்வொரு ஊரிலும் எல்லா மூட்டையிலிருந்தும் ஒரு கைப்பிடி எடுத்துக் கலந்து, ஒரு படி அளவு ஒரு துணிப்பையில் கட்டுவோம். மறுநாள் காலை அதில் பத்துக் காயைக் கல்லின் மேல் வைத்து மரக்கொட்டாப்புளியால் உடைப்பார். கொட்டையை எடுத்துவிட்டுத் தூளாக்கி, வெள்ளைப் பீங்கான் கோப்பையில் போட்டு வெந்நீர் ஊற்றுவார். தொழுது முடித்து வருவார். பிறகு விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளை ஆட்டுத் தோல் துண்டை அதில் நனைத்து எடுத்து, வெயில் படாத வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பார். நல்ல காய் என்றால் தோல் பழுத்த எலுமிச்சை நிறத்துக்கு வரும். "சரி" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக ஓர் ஊரே காத்திருக்கும். அந்த மூட்டைகள் வண்டி ஏறி ஆலங்காயம் இறங்கினால்தான் அவர்களுக்குக் கேழ்வரகு, உப்பு, துணி எல்லாம்.

இந்தச் சோதனையில் எங்கும் இரும்பு கிடையாது. கடுக்காய்த் தூள் ஈரத்தோடு இரும்பைத் தொட்டால் மை மாதிரி கறுத்துவிடும். தோல் ஷெட்டுகளில் ஒரு துருப்பிடித்த ஆணி தொட்டியில் விழுந்தால் மேஸ்திரி ஊரைக் கூட்டிவிடுவார். கரீம் பாய் சோதனைக்கு உட்காரும் முன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றித் தூர வைப்பார். செருப்பின் அடியில் லாட ஆணி இருக்கிறது என்று அதையும் கழற்றுவார். "ஆணி தண்ணிக்குள்ள குதிச்சிடுமா பாய்?" என்று முதல் வருஷம் கேட்டேன். "குதிக்காதுப்பா. ஆனா ஒரு நாள் நீ குதிக்க வெச்சிடுவே" என்றார்.

வண்டிப் பாதை ரொம்பச் சுற்று, நாங்கள் போகும் குறுக்கு வழியில் கழுதைகூட ஏறாது. இரண்டே பேர். சுமை முழுக்க என்னுடையது. வலது தோளில் கடுக்காய்ப் பை, இடது தோளில் பாத்திரப் பை, தலையில் அரிசி மூட்டை. ஊர் கூடக் கூட வலது பை கனத்துக்கொண்டே போகும். சமையலுக்கு மூன்று கல் வைத்துக்கொள்வோம்.

அந்தக் கல்தான் எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தது. ஒரு நாள் ஓடையில் கிடந்த வழவழப்பான கற்களைப் பார்த்து ஆசைப்பட்டு அடுப்பு வைத்தேன். சோறு கொதிக்கும்போது ஒரு கல் டமார் என்று வெடித்தது. ஓடைக் கல்லுக்குள் தண்ணீர் ஊறியிருக்கும், சூட்டில் அது வெடிக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். பானை கவிழ்ந்தது. ஒரு சில்லு கரீம் பாயின் கன்னத்தைக் கிழித்தது. அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே அந்தக் கல்லை எடுத்துப் பார்த்தார். "உள்ள இன்னா இருக்குது பார், ரவை ரவையா இருக்குது" என்றார். பட்டினி கிடந்தோம்.

கீழே இறங்கியதும் கல் இல்லாத அடுப்புக்கு வழி தேட ஆரம்பித்தேன். ஒரு சாண் அகலத்தில் மண்ணில் பள்ளம் தோண்டி, காற்று வரும் பக்கம் அதற்கு வாய் வைத்து, மேலே ஒரு தட்டைப் போட்டால் போதும். பானையும் நிற்கும், கரீம் பாய்க்கு எண்ணெய் இல்லாமல் ரொட்டியும் கோழியும் சுடலாம். கேள்வி, எந்தத் தட்டு?

முதலில் கொல்லரிடம் போனேன். கட்டை விரல் பருமனுள்ள கம்பியில் அழகாகச் செய்து தந்தார். யானை ஏறினாலும் தாங்கும். இரண்டு வீசை எடை, மூன்று கிலோ பக்கம். அதைத் தூக்கிக்கொண்டு ஒரு மேடு ஏறிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்து பச்சை மூங்கிலைப் பிளந்து பின்னினேன். எடையே இல்லை. ஒரு கோழி பாதி வேகும்வரை தாங்கியது, பிறகு கோழியோடு நெருப்புக்குள் இறங்கியது. அலுமினியக் கம்பி வாங்கினேன். தணலில் அது தொய்ந்து தொட்டிலாகிவிட்டது. பட்டாளத்துப் பழைய சாமான் விற்கும் கடையில் துத்தநாகம் பூசின கம்பி வலை கிடைத்தது. பார்க்க வெள்ளியாட்டம் மின்னும். அதை நெருப்பில் வைத்ததும் வெள்ளையாகப் புகைந்தது. அந்தப் புகையைக் குனிந்து ஊதிய எனக்கு நாக்கு தித்தித்தது, சாயந்திரம் குளிர் சுரம் வந்துவிட்டது. போன வாரம் வந்த பையன்களிடம் நான் முதலில் சொன்னதே அதுதான். பூச்சுள்ள எதையும் திறந்த வெளியில் நன்றாகச் சுட்டு எடுக்காமல் சோற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. சுடும்போது புகை வரும் பக்கம் நிற்கக் கூடாது.

கடைசியில் பதில் சைக்கிள் கடையில் இருந்தது. என் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டக் காத்திருந்தபோது மூலையில் கிடந்த, பூச்சு போன பழைய ஸ்போக்ஸ் கம்பிகளைப் பார்த்தேன். கையில் எடுத்தேன். வளைத்துப் பார்த்தேன். ஒரு மனிதனையும் அரிசி மூட்டையையும் தாங்குகிற கம்பி, எடை ஒன்றுமே இல்லை!

கடைக்காரர் மெல்லிய பட்டை இரும்பு இரண்டு துண்டில் ஓட்டை போட்டுத் தந்தார். பன்னிரண்டு கம்பி. ஒரு பக்கம் கம்பியின் வளைந்த தலை மாட்டிக்கொள்ளும், மறுபக்கம் அந்தச் சின்னத் திருகு. "இன்னாண்ணா இது, எலிப்பொறியா?" என்று கேட்டார். "அடுப்பு" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். கம்பிக்குக் கம்பி ஒரு கட்டை விரல் இடைவெளி. சூட்டில் கம்பி நீளும், ஆகவே திருகைக் கொஞ்சம் தளர்த்தியே விட வேண்டும் என்று இரண்டு ரொட்டியைக் கருக்கிய பிறகு கண்டுபிடித்தேன். மண்டித் தராசில் வைத்தேன். ஏழு பலம், கால் கிலோ கூட வராது. அன்று நான் பட்ட சந்தோஷம் கல்யாணத்தன்று கூடப் பட்டதில்லை. என் மனைவிக்கும் இது தெரியும்.

கரீம் பாய் அதைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். "நல்லாத்தான் கீது. ஆனா இரும்பு."

"இடது பையில வெப்பேன் பாய்."

"எப்பவும்?"

"எப்பவும்."

மூன்று வாரம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். ரொட்டி, கருவாடு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, எதை வைத்தாலும் அந்தத் தட்டு வாங்கிக்கொண்டது. கரீம் பாய் வயிறு வலிக்காமல் சாப்பிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. போகிற ஊரிலெல்லாம் அதை எடுத்துக் காட்டுவேன்.

சடையக் கவுண்டர் என்ற பெரியவரின் ஊருக்குப் போன அன்று தூறல். பத்துப் பன்னிரண்டு வீடுதான். அந்த வருஷம் முதல் தடவையாக எங்களுக்குக் காய் பொறுக்கியிருந்தார்கள். ஊர்க்காரர்கள் மண்டியை நம்பவில்லை, சடையக் கவுண்டர்தான் தன் பேச்சை நம்பிப் பொறுக்கச் சொல்லியிருந்தார். நாற்பது மூட்டை அவர் வீட்டிலும் மாட்டுக் கொட்டகையிலும் அடுக்கியிருந்தது. பையைக் கட்டிக்கொண்டு ஓடையைத் தாண்டி, அந்தப் பக்கம் தங்கக் கிளம்பினோம்.

ஓடையின் நடுவில் என் இடது பையின் வார் அறுந்தது. பாத்திரங்கள் தண்ணீரில் விழுந்தன. அரிசி மூட்டையைக் கரீம் பாயிடம் கொடுத்துவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் ஓடி ஓடிப் பிடித்தேன். பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன், கரண்டியைப் பல்லில் கடித்துக்கொண்டேன். கம்பித் தட்டு ஒன்றுதான் மிச்சம். தட்டையாக, லேசாக இருந்தது. வலது பையின் ஓரமாகச் செருகினேன். கரை ஏறியதும் எடுத்துவிடலாம் என்றுதான். கரை ஏறி ஒரு மைல் நடந்து தங்கும் இடம் சேரும்வரை அது அங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. கொல்லர் செய்த தட்டாக இருந்திருந்தால் பத்தாவது அடியில் தோள் சொல்லியிருக்கும். அன்று அதை உருவி எடுத்து ரொட்டி சுட்டபோதும் எங்கிருந்து உருவினேன் என்று யோசிக்கவில்லை.

மறுநாள் காலை கரீம் பாய் சோதித்தார். முடிவு கேட்கச் சடையக் கவுண்டர் விடிந்ததுமே வந்து, கொஞ்சம் தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கோப்பையில் தண்ணீர் கறுத்தது. தோல் துண்டு சாம்பல் நீலத்தில் வெளியே வந்தது. கரீம் பாய் கோப்பையைக் கழுவி, வேறு பத்துக் காய் எடுத்து மறுபடியும் போட்டார். மறுபடியும் அதே நிறம்.

"கவுண்டரே, காய் நனைஞ்சிச்சா? தகர டின்னுல எதுனா போட்டு வெச்சீங்களா?"

"இல்லீங்க. கோணிதாங்க. நனைய வுடலீங்க."

"பழைய காய் கலந்தீங்களா?"

"இல்லீங்க."

கரீம் பாய் கோப்பையைக் கவிழ்த்தார். "இது ஆகாதுங்க" என்றார்.

சடையக் கவுண்டர் எழுந்து நின்றார். அந்தத் தோல் துண்டைக் குனிந்து பார்த்தார். பிறகு கும்பிட்டுவிட்டு ஓடையை நோக்கி நடந்தார். எனக்கு அப்போது அவர் மேல் கோபம்தான் இருந்தது. பொய் சொல்கிறார் என்று நினைத்தேன்.

நாங்கள் அடுத்த ஊருக்கு நடந்தோம். மத்தியானம் ஒரு சுனையில் காலிப் பையைத் துவைக்க எடுத்தேன். காடாத் துணி, எங்கள் வீட்டுத் தறியில் நெய்தது. அதில் கறுப்புக் கறை இருந்தது. காய்க் கறை என்றால் திட்டுத் திட்டாக இருக்க வேண்டும். இது கோடு. ஐந்து கோடு, ஒன்றுக்கொன்று சரியான இடைவெளியில். வேறு யாராவது என்றால் கவனித்திருக்க மாட்டார்கள். நான் லுங்கிக்காரன் மகன், பிறந்ததிலிருந்து கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் எத்தனை இழை என்று பார்த்து வளர்ந்தவன். கட்டை விரலை நடுவில் வைத்தேன். சரியாக உட்கார்ந்தது.

ஈரத் தட்டு அந்தப் பையை மட்டும் தொட்டுக்கொண்டு ஒரு மைல் வந்திருக்கிறது. ஈரம் துணி வழியாக உள்ளே இறங்கி, காய்களையும் உதிர்ந்த தூளையும் நனைத்து, இரும்புச் சாறை ஊட்டிவிட்டது. சொன்னால் வேலை போகும். மறுபடியும் தறிக்குழி. நான் பையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு ஒன்றும் பேசாமல் நடந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று முழுக்க நடந்தேன்.

மறுநாள் மத்தியானம் பள்ளம் தோண்டி, அதே தட்டைப் போட்டு, ரொட்டியை வைத்தேன். கரீம் பாய்க்கு உருதுதான் எழுத வரும், மண்டிக்குத் தமிழில் எழுதுவது என் வேலை. இனிமேல் போக வேண்டாத ஊர்கள் என்று ஒரு தாள் உண்டு. அதில் ஏறின ஊர் இறங்கி நான் பார்த்ததில்லை.

"சடையன் ஊரை எழுதிடு தம்பி."

பென்சிலை எடுத்தேன். ஊர்ப் பெயரின் முதல் எழுத்தைப் போட்டேன். கை அதற்கு மேல் போகவில்லை.

"இன்னாப்பா?"

இடுப்பிலிருந்து பையை உருவி அவர் முன் விரித்தேன். ரொட்டியைத் தள்ளிவிட்டு, கந்தல் துணியால் பிடித்துத் தட்டைத் தூக்கி, கோடுகளின் மேல் காட்டினேன். பையில் பட்ட ஐந்து கம்பி, ஐந்து கோடு. அவர் குனிந்து பார்த்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். ஓடைக் கல்லைப் பார்த்தது போலவே அதையும் முழுசாகப் பார்த்து முடித்தார்.

"எப்போ தெரியும் உனக்கு?"

"நேத்து மத்தியானம் பாய்."

"நேத்து மத்தியானம் தெரிஞ்சி, இன்னிக்கி மத்தியானம் சொல்றே."

அவ்வளவுதான் சொன்னார். ரொட்டியைத் தொடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தார். நான் சுமையை அள்ளிக்கொண்டு பின்னால் ஓடினேன். தட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டேன். வழியில் ஒரே ஒரு தடவை நின்றார். "என் மேலயும் தப்பு கீது. ஒரே ஒரு பையைப் பார்த்துட்டு ஒரு ஊரையே ஆகாதுன்னுட்டேன். ரெண்டாவது பை கேட்டிருக்கணும்." அந்த வருஷத்திலிருந்து நான் ஓய்வு பெறும்வரை எங்கள் மண்டியில் ஊருக்கு இரண்டு பை எடுப்பது வழக்கமாக இருந்தது. இரண்டும் வேறு வேறு தோளில் வரும்.

மறுநாள் வெயில் ஏறும் நேரத்துக்கு அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். சடையக் கவுண்டர் வாசலில் உட்கார்ந்திருந்தார். அவரும் அவர் மனைவி காளியம்மாளும். சுற்றிலும் உடைத்த கடுக்காய் மலையாகக் கிடந்தது. ஒவ்வொரு காயாகக் கல்லில் வைத்து உடைத்து, உள்ளே பார்த்து, தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இருவர் விரலும் காயின் துவர்ப்பில் வெந்து போயிருந்தன.

எங்களைப் பார்த்ததும் அவர் எழுந்தார். "அஞ்சி மூட்டை உடைச்சிப் பார்த்துட்டேங்க. எல்லாம் நல்லாத்தான் கீது. கெட்டது எதுன்னு எங்களுக்குத் தெரியல. ஒண்ணே ஒண்ணு காட்டிட்டுப் போங்க. அடுத்த வருசம் அது மாதிரி எடுக்காம இருப்போம்."

கரீம் பாய் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு" என்றார்.

சொன்னேன். வார் அறுந்ததிலிருந்து, தெரிந்த பிறகும் ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு நடந்தது வரைக்கும். சடையக் கவுண்டர் கையை நீட்டினார். தட்டைக் கொடுத்தேன். அவர் உடைத்த காய் ஒன்றை எச்சிலால் நனைத்துக் கம்பியில் தேய்த்தார். கறுத்தது. இன்னொரு காயை எடுத்துத் தேய்த்தார். அதுவும் கறுத்தது. அவர் முகத்தில் வந்தது சிரிப்பா என்னவென்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

கரீம் பாய் அங்கேயே செருப்பைக் கழற்றி, சாவியைத் தூர வைத்து, புதுக் காய் எடுத்துச் சோதித்தார். தோல் எலுமிச்சை நிறத்தில் வந்தது. "சரி" என்றார். உடைத்த காயை முதல் வண்டியில் ஏற்றச் சொன்னார். கொட்டை நீக்கின கடுக்காயைத்தான் ஷெட்டில் ரொம்ப விரும்புவார்கள், அதில் அவர்களுக்கு நஷ்டம் வரவில்லை.

நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். அப்போது சடையக் கவுண்டர் என் முழங்கையைத் தொட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தம்பி, இதை அவகிட்டயும் ஒரு வாட்டி சொல்லிடுப்பா. மூட்டையைக் கொட்டகையில அடுக்கினது அவதான். கூரை ஒழுகி நனைஞ்சிடுச்சி, உன்னாலதான் ஊரு முன்னாடி தலை குனிஞ்சேன்னு ரெண்டு நாளாத் திட்டித் தீர்த்துட்டேன்."

காளியம்மாள் இவ்வளவு நேரமும் குனிந்த தலை நிமிராமல் உடைத்துக்கொண்டே இருந்தார். எங்கள் பேச்சு அவர் காதில் ஏறவே இல்லை போலிருந்தது. நான் எதிரில் போய் உட்கார்ந்தேன். தட்டையும் பையையும் காட்டி, கோட்டையும் கம்பியையும் பொருத்திக் காட்டி, முதலிலிருந்து சொன்னேன். "தப்பு என்னோடதும்மா. உங்க காய் நனையல" என்றேன்.

அவர் தட்டைக் கையில் வாங்கி எடை பார்ப்பது போல் ஒரு தடவை தூக்கி இறக்கினார். என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"மூட்டையை நான் ஒழுவாத பக்கமாத்தான் அடுக்கினேன்னு நல்லா ஞாபகம் இருந்திச்சி" என்றார். "ஆனா நேத்து சாயந்திரத்துலேர்ந்து, கூரை ஒழுவின மாதிரியும் நான் பார்த்துக்கிட்டே நின்ன மாதிரியும் எனக்கே ஞாபகம் வர ஆரம்பிச்சிடுச்சிப்பா."

அவர் அடுத்த காயை எடுத்தார். உடைக்க வேண்டியதில்லை என்று நினைவு வந்து, அதை மூட்டைக்குள் போட்டார்.